ஜப்பானில் ஒரு மார்மன் மிஷனரியின் நாள்: இத்தனை உழைப்பும் யாரை மாற்ற?

வெளிநாட்டில் இரண்டு வருடம் மதம் பரப்பிவிட்டு ஊர் திரும்பிய இருபது வயதுப் பையனைப் பார்த்தால் யாருக்கும் முதலில் கேட்கத் தோன்றுவது, "எத்தனை பேரைச் சேர்த்தாய்?" என்பதுதான். ஜப்பானுக்குப் போய்வந்த மார்மன் மிஷனரிகளிடம் இதைக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். ஒருவரைக்கூடச் சேர்க்காமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் முழுதாக, காலை ஆறரைக்கு எழுந்து இரவு ஒன்பது வரை மழையிலும் பனியிலும் சைக்கிள் மிதித்ததற்கு இதுதான் பலன் என்றால், லாப நஷ்டம் பார்க்கும் எந்த நிறுவனமும் இப்படியொரு கிளையை என்றோ இழுத்து மூடியிருக்கும். இந்தச் சபை மூடவில்லை, வருடா வருடம் புதிதாக ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்பதற்கு விடை அந்தப் பையனின் அன்றாடக் கால அட்டவணையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை நிதானமாகப் பார்த்தால், ஜப்பானியர்களை மார்மன்களாக்க அது எவ்வளவு உதவும் என்பது சந்தேகம்தான். ஆனால் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்தோ ஐடஹோவிலிருந்தோ போன அந்தப் பையனை ஆயுளுக்கும் மார்மனாக வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை யோசிக்கவே முடியாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய சபை இது. இன்றைய தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். மார்மன் என்று கூப்பிட வேண்டாம் என்று 2018-இலிருந்து சபைத் தலைமை கேட்டுக்கொள்கிறது, ஆனாலும் உலகம் அந்தப் பெயரில்தான் அவர்களை அறியும் என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன். உறுப்பினர்கள் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். 2024-இல் உலகம் முழுக்க 450 மிஷன்கள், அதாவது மதம் பரப்பும் வட்டாரங்கள், 70,000-க்கும் மேற்பட்ட இளம் மிஷனரிகள். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012 அக்டோபர் வரை ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும்தான் போக முடியும். அன்றைய தலைவர் தாமஸ் மான்சன் அதை 18, 19 என்று குறைத்தார், எண்ணிக்கை இரண்டே வருடத்தில் 58,000 சொச்சத்திலிருந்து 85,000-ஐத் தாண்டியது. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 போதும் என்று அறிவித்துவிட்டார்கள்.

வயதைக் குறைத்ததன் அர்த்தம் யூட்டாவில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். 19 என்றால் பள்ளி முடிந்து ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் கல்லூரி, காதல், சந்தேகம் எல்லாம் வந்துவிடும். 18 என்றால் அப்பா அம்மா வீட்டிலிருந்து நேராக மிஷன். இடைவெளியே இல்லை.

எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை போகிறவருக்குக் கிடையாது. உள்ளூர்ச் சபைத் தலைவரிடம் நேர்காணல், மருத்துவர் சான்று, பல் மருத்துவர் சான்று எல்லாம் முடித்து விண்ணப்பம் போட்டால், சால்ட் லேக்கிலிருந்து ஓர் ஊர்ப் பெயர் வரும். முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறையில் தபாலில் வந்தது, இப்போது இணையத்தில் வருகிறது. தாத்தா பாட்டி, சித்தப்பா பெரியப்பா, பக்கத்து வீட்டார் எல்லோரும் கூடியிருக்க அந்தப் பையன் திறந்து உரக்கப் படிப்பான். சிலருக்குப் பக்கத்து மாநிலம், சிலருக்குப் பிரேசில், சிலருக்கு ஜப்பான். செலவு சபையின் தலையில் விழுவதில்லை, குடும்பம்தான் கட்டுகிறது. 1990 வரை போகிற ஊரின் விலைவாசிக்கு ஏற்பக் கட்ட வேண்டியிருந்தது, ஆக டோக்கியோ வந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சுமை. 1991 முதல் எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆக்கினார்கள். பல ஆண்டுகள் அது மாதம் 400 டாலராக இருந்தது. சின்ன வயதிலிருந்தே இதற்காகப் புல் வெட்டிச் சேர்த்த பணம், பனி அள்ளிச் சேர்த்த பணம் என்று பையன்களே உண்டியல் வைத்திருப்பார்கள்.

பெண்கள் விஷயத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்கு மிஷன் ஒரு கடமை, பெண்களுக்கு அது விருப்பம். போகாத பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. போகாத பையனை எல்லோரும் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பார்க்கும்போதும் கேட்பார்கள். கட்டாயம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்காது, ஆனால் சொந்த பந்தமும் தெருவும் சேர்ந்து தரும் அழுத்தம் எப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்புறம் பயிற்சி. யூட்டாவின் ப்ரோவோ நகரில் பெரிய பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது, 50-க்கும் மேற்பட்ட மொழிகள் சொல்லித்தருகிறார்கள். வெளிநாட்டு மொழி தேவைப்படாதவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஸ்பானிஷ் என்றால் ஆறு வாரம், ஜப்பானிய மொழிக்கு ஒன்பது வாரம் அளவில். கோவிட்டுக்குப் பிறகு இதில் ஒரு பகுதி வீட்டிலிருந்தே இணையத்தில் நடக்கிறது. முதல் வாரத்திலேயே ஜப்பானிய மொழியில் ஜெபிக்க வைப்பார்கள், இரண்டாம் வாரத்தில் பாடம் நடத்த வைப்பார்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் சமீபத்தில் ஜப்பானிலிருந்து திரும்பிய மாணவர்கள். ஒன்பது வாரத்தில் ஜப்பானிய மொழி வந்துவிடுமா? வராது. ஆனால் தப்பாகப் பேச வெட்கப்படாத தைரியம் வந்துவிடும், விமானம் ஏற அது போதும் என்பது இவர்கள் கணக்கு.

ஜப்பானில் இவர்களுடைய வரலாறு தோல்வியில் ஆரம்பித்தது. 1901 ஆகஸ்ட் 12 அன்று ஹீபர் கிராண்ட் என்ற மூத்த தலைவர் மூன்று பேருடன் யோகோஹாமாவில் வந்து இறங்கினார். அந்த மூவரில் ஆல்மா டெய்லர் என்ற பையனுக்கு வயது 19. கிராண்ட் இரண்டு வருடத்தில் திரும்பிவிட்டார். டெய்லர் எட்டு வருடத்துக்கு மேல் தங்கி, மொழி படித்து, 1909-இல் சபையின் வேதமான மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தார். பத்தொன்பதில் போன ஒருவர் இருபத்தேழில் திரும்புகிறார் என்றால் அந்த இளமை முழுக்க அங்கேயே போயிருக்கிறது. ஆனால் 1924 வரை சேர்ந்தவர்களின் மொத்த எண்ணிக்கை இருநூறைக்கூட எட்டவில்லை. 1923-இல் பெரிய நிலநடுக்கம், 1924-இல் ஜப்பானியர்கள் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் வந்ததில் அமெரிக்கர்கள் மேல் அங்கே கோபம். அதற்குள் சபையின் தலைவராகிவிட்ட அதே ஹீபர் கிராண்ட், தாம் திறந்த மிஷனைத் தாமே மூட உத்தரவிட்டார். மறுபடி திறந்தது போருக்குப் பிறகு 1948-இல்.

அந்த இடைவெளியில் நடந்த ஒரு சம்பவம் இன்றும் மிஷனரிகளிடையே சொல்லப்படுகிறது. 1945 இறுதியில் நகோயாவுக்கு அருகே நருமி என்ற ஊரில் மூன்று அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு ஒரு வீட்டில் தேநீர் கொடுத்தார்கள், அவர்கள் வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் தத்சுயி சாட்டோ ஏன் என்று கேட்டார். தேநீர், காபி, மது, புகையிலை நான்கும் மார்மன்களுக்குக் கூடாது, 1833-இலிருந்து வரும் கட்டுப்பாடு அது. அந்தப் பேச்சு தொடர்ந்து 1946-இல் சாட்டோவும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் எடுத்தார்கள், பின்னாளில் மார்மன் நூலை இரண்டாவது முறை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவரும் அவரே.

இன்றைய மிஷனரிக்கும் இந்தத் தேநீர் தினசரிப் பிரச்சினை. ஜப்பானில் ஒரு வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டார்கள் என்றால், அதுவே அபூர்வம், அடுத்த நிமிடம் பச்சைத் தேநீர் வந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, கால் மரத்துப்போய், அந்தப் பாட்டி இரண்டு கையாலும் நீட்டும் கோப்பையை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதுவும் அவர் மனம் புண்படாமல், அரைகுறை ஜப்பானிய மொழியில். வாற்கோதுமையை வறுத்துக் கொதிக்க வைத்த பானம் என்றால் குடிக்கலாம், அது தேயிலை இல்லை. ஆகவே கோப்பையை வாங்கியதும் நிறத்தைப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, கூட இருப்பவனின் முகத்தைப் பார்ப்பது. சில வாரத்தில் இது பழகிவிடும். உபசாரத்தை மறுக்க வேண்டிய அந்தக் கணத்தில்தான் தான் வேறு ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது அவனுக்குள் இறங்குகிறது. யூட்டாவில் அவன் வீட்டில் தேநீரே இருந்திருக்காது, மறுக்க வேண்டிய தேவையும் வந்திருக்காது. மறுத்து மறுத்துத்தான் அந்த விதி அவனுடையதாகிறது.

சரி, நாள் எப்படிப் போகிறது? காலை 6:30-க்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி, தரையில் விரித்த மெத்தையைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு அதே இடத்தில் தண்டால். குளியல், சாப்பாடு. எட்டு மணிக்குத் தனியாக வேதம் படிப்பு, ஒன்பதுக்கு இருவரும் சேர்ந்து படிப்பு, அதற்கு மேல் அரை மணியோ ஒரு மணியோ மொழிப் படிப்பு. பத்துப் பத்தரைக்கு வெளியே. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பி, மறுநாள் திட்டம் எழுதி, 10:30-க்கு விளக்கணைக்க வேண்டும். 2017-இல் இதைக் கொஞ்சம் தளர்த்தி, அந்தந்த ஊர் வழக்கத்துக்கு ஏற்ப முன்பின் நகர்த்திக்கொள்ளலாம் என்றார்கள், ஆனால் எலும்புக்கூடு அதேதான். திரைப்படம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, சினிமாப் பாட்டு இல்லை, காதல் கிடையவே கிடையாது, நீச்சல்கூடக் கூடாது. ஒருவரையொருவர் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆண்கள் எல்டர், பெண்கள் சிஸ்டர், கூடவே குடும்பப் பெயர். சட்டைப் பையில் குத்தியிருக்கும் கறுப்புப் பட்டையிலும் அதேதான், ஜப்பானிய எழுத்தில்.

உடை பற்றி எல்லோருக்கும் தெரியும், வெள்ளைச் சட்டை, டை. 2020 முதல் நீலச் சட்டையும் சில இடங்களில் டை இல்லாமலும் அனுமதிக்கிறார்கள். பெண்கள் 2018 இறுதியிலிருந்து பேன்ட் போடலாம். சைக்கிளில் ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்கள் பெரும்பாலும் சைக்கிளுக்கு ஹெல்மெட் போடாத ஜப்பானில் வெள்ளைச் சட்டையும் ஹெல்மெட்டுமாக இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் யார் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். 2023 ஏப்ரலில் எல்லா வயதினரும் ஹெல்மெட் போட முயல வேண்டும் என்று அங்கே சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

நான் மேலே எழுதிய பட்டியலில் மிக முக்கியமானது மணிக்கணக்கு இல்லை, அந்த இன்னொருவன்தான். மிஷனரி எப்போதும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில். கழிப்பறை, குளியல் தவிர வேறு எங்கும் தனியாக இருக்க முடியாது. ஜோடியைத் தேர்ந்தெடுப்பதும் நீங்கள் இல்லை, மிஷன் தலைவர். இவர் பெரும்பாலும் ஐம்பது அறுபது வயதுக்காரர், மனைவியோடு மூன்று வருடத்துக்கு வந்திருப்பார், நூறு இருநூறு பிள்ளைகளுக்கு அப்பா அம்மா மாதிரி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். உங்களோடு இருந்தவன் வேறு ஊர் போகலாம், நீங்கள் போகலாம், பிடிக்காதவனோடே இன்னும் ஆறு வாரம் இருக்க நேரலாம். குறட்டை விடுபவன், பேசவே பேசாதவன், விதியில் அணுவளவும் பிசகாதவன், எட்டு மணி வரை எழாதவன், எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள். புதிதாக வந்தவனுக்கு முதல் 12 வாரம் ஒரு மூத்தவன் பயிற்சியாளன். அவன் பேசுவான், புதியவன் தலையாட்டுவான். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்டால் மூத்தவன் முகத்தைப் பார்ப்பான்.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இது கண்காணிப்பு என்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் பாதுகாப்பு என்கிறார்கள். இரண்டும் சரிதான், ஆனால் என் கண்ணுக்குப் படுவது வேறு. ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்குத் தன் நம்பிக்கை மேல் சந்தேகம் வருவது தனியாக இருக்கும்போதுதான். இரவு படுக்கையில் விழித்துக் கிடக்கும்போது, ஒரு புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் படிக்கும்போது. இந்த ஏற்பாட்டில் அந்தத் தனிமையே கிடைப்பதில்லை. போதாததற்கு, தினமும் பத்துத் தடவை அவன் வாயாலேயே "இது உண்மை என்று நான் அறிவேன்" என்று சாட்சி சொல்ல வேண்டும். கேட்பவர் நம்பினாரோ இல்லையோ, சொல்பவன் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது.

கேட்பவர்கள் ஏன் நம்புவதில்லை என்பதற்கு ஜப்பானில் தனிக் காரணங்கள் உண்டு. அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் எல்லாப் பிரிவும் சேர்த்தே ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். பிறந்த குழந்தைக்குக் கோயில், சாவுக்குப் பௌத்த மடம் என்று குடும்பத்தோடு போகிற வழக்கம் இருக்கும்போது, நீ மட்டும் தனியாக ஒரு மதத்தில் பெயர் கொடு என்பது குடும்பத்திலிருந்து பிரிந்து வா என்பது போலக் கேட்கும். 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சு வாயுவை விட்ட பிறகு, வாசலுக்கு வந்து மதம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் பயம். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுட்டவர் தன் தாயின் பணத்தையெல்லாம் ஒரு மதக்குழு உறிஞ்சிவிட்டது என்று சொன்னது தெரியவந்தது. அது ஐக்கிய சபை என்ற வேறு அமைப்பு, மார்மன்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இன்டர்காமில் குரல் கேட்கும் இல்லத்தரசிக்கு அந்த வித்தியாசத்தை விளக்க மிஷனரிக்குக் கிடைப்பது மூன்று நொடி. அதிலும் இப்போதைய அடுக்குமாடிகளில் வெளிக்கதவே தானாகப் பூட்டிக்கொள்ளும், படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டுவது நடக்காது. அதனால் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று பேசுவது, பூங்காவில் பேசுவது, சமீப காலமாக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஆள் தேடுவது என்று வேலை நகர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் மிஷனரி கையில் போனே கிடையாது; இப்போது ஸ்மார்ட்போன்தான் முக்கியக் கருவி.

ஒன்று மட்டும் அங்கே எப்போதும் எடுபடுகிறது, இலவச ஆங்கில வகுப்பு. வாரம் ஒரு மாலை சபைக் கட்டடத்தில் நடத்துவார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், பரீட்சைக்குப் படிக்கும் மாணவி, வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் தம்பதி, இப்படி வருவார்கள். முடிவில் ஒரு சின்ன ஆன்மிகச் செய்தி உண்டு என்று துண்டுச் சீட்டிலேயே போட்டிருக்கும், விருப்பம் உள்ளவர்கள் இருக்கலாம். பெரும்பாலோர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருந்து, ஒவ்வொரு மாற்றலிலும் புதிய பையன்களை வரவேற்று, கடைசிவரை சபையில் சேராதவர்கள் உண்டு. அவர்களிடமிருந்துதான் மிஷனரிகள் ஜப்பானை உண்மையில் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம், ஏனென்றால் அங்கே சேர்க்க வேண்டிய கட்டாயம் கொஞ்சம் விலகி நிற்கிறது, சும்மா மனிதர்களாகப் பேச முடிகிறது.

ஞாயிறு என்றால் கூடுகை, 2019 ஜனவரி முதல் மூன்று மணி நேரம் இரண்டாகக் குறைந்தது. சின்ன ஊர்களில் இருபது முப்பது பேர் வந்தால் பெரிது. அப்பமும் தண்ணீரும் ஆசீர்வதித்துக் கொடுப்பது, பியானோ வாசிப்பது, நாற்காலி அடுக்குவது எல்லாம் மிஷனரி தலையில்தான். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம்.

எண்கள் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் கணக்குக் கொடுக்க வேண்டும்: புதிதாக எத்தனை பேர் கேட்க முன்வந்தார்கள், எத்தனை பாடம், கூடுகைக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தவர்கள் எத்தனை. பிரேசிலிலோ காங்கோவிலோ இருக்கும் நண்பன் மின்னஞ்சலில் ஞானஸ்நானப் படமாக அனுப்பிக்கொண்டிருப்பான். உலகக் கணக்கில் 2023-இல் சுமார் 2,50,000 பேர், 2024-இல் 3,00,000-க்கும் மேல் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று சபையே வெளியிட்டது. அதை மிஷனரி எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு வருடத்துக்கு நாலு பேர் அளவில் வரும். ஜப்பானில் நிற்கும் பையன் தன் தாளில் பூஜ்யத்தை எழுதும்போது அந்த நாலு அவன் மனதை அரிக்கும். கீழ்ப்படிந்து உழைத்தால் கடவுள் ஆசீர்வதிப்பார் என்று கற்றவன், ஆசீர்வாதம் வராதபோது எங்கே போவான்? இன்னும் பத்து நிமிடம் முன்பே எழுவான். ஒரு வேளை கூடுதலாக உபவாசம் இருப்பான். தவறு தன்னிடம் என்றே நினைப்பான்.

எண்ணை விரட்டினால் என்ன ஆகும் என்பதை ஜப்பானே ஒருமுறை பார்த்துவிட்டது. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் டோக்கியோ வட்டாரத்தில் ஞானஸ்நான எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. தெருவில் சந்தித்த இளைஞர்களை, சபை என்றால் என்ன என்று முழுதாகப் புரியும் முன்பே, மிகக் குறுகிய நாட்களில் தொட்டியில் முக்கி எழுப்பினார்கள். அவர்களில் பலர் மறுபடி வரவே இல்லை. இன்று ஜப்பானில் சபைப் பதிவேட்டில் சுமார் 1,30,000 பெயர்கள் இருக்கின்றன, வாரா வாரம் வருபவர்கள் அதில் ஒரு பகுதிதான். இப்போது அங்கே போகும் மிஷனரியின் வாரத்தில் கணிசமான நேரம் அந்தப் பழைய பெயர்களைத் தேடிப்போவதில் கழிகிறது: முகவரி மாறியவர்கள், இறந்துவிட்டவர்கள், "எப்போதோ சின்ன வயதில் ஏதோ தண்ணீரில் இறங்கினேன்" என்று சொல்லும் அறுபது வயதுக்காரர்கள்.

திங்கட்கிழமை பெரும்பாலும் தயாரிப்பு நாள். துணி துவைப்பது, மாத உதவித்தொகையில் அரிசியும் முட்டையும் வாங்குவது, முடி வெட்டுவது, சபைக் கூடத்தில் கூடைப்பந்து, பக்கத்துக் கோட்டையோ கோயிலோ போய்ப் பார்ப்பது. மாலை ஆறு மணிக்கு மறுபடி டை. வீட்டோடு பேசும் விஷயத்தில்தான் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 2019 பிப்ரவரி 15 வரை வாரம் ஒரு மின்னஞ்சல்தான். குரல் கேட்க வேண்டும் என்றால் வருடத்தில் இரண்டே நாள், கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அன்று முதல் வாரா வாரம் போனிலும் காணொளியிலும் பேசலாம் என்று ஆக்கினார்கள். பழைய ஆட்களில் சிலர் இதனால் கட்டுப்பாடு குலையும் என்றார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை மொழி தெரியாத ஊரில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அம்மாவின் குரலை மாதக்கணக்கில் கேட்க முடியாது என்பது பக்தியை வளர்க்கும் என்று நினைப்பதே கொடுமை, அதை எடுத்தது நல்லது.

இனி ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. அதே பையன் 24 மாதம் கழித்துத் திரும்பும்போது என்னவாகத் திரும்புகிறான்? ஆயிரக்கணக்கான மறுப்புகளைச் சிரித்துக்கொண்டே வாங்கியவன், முன்பின் தெரியாதவரிடம் கூச்சமில்லாமல் பேசத் தெரிந்தவன், சரளமான ஜப்பானிய மொழி உள்ளவன். 1971-இல் இப்படி மிஷனரியாகப் போன கென்ட் கில்பர்ட் பின்னால் வழக்கறிஞராகத் திரும்பிப் போய் 1980-களில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் எல்லோரும் அறிந்த முகமானார். ஜான் ஹன்ட்ஸ்மன் தைவானில் மிஷனரியாக இருந்து கற்ற சீன மொழியோடு பின்னாளில் சீனாவுக்கே அமெரிக்கத் தூதராகப் போனார். 2012-இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி 1960-களில் பிரான்சில் இரண்டரை வருடம் கதவு தட்டியவர். யூட்டாவில் சாதாரண ஊர்களிலும் தாய்மொழி போல இன்னொரு மொழி பேசுகிறவர்கள் இருப்பதற்கும், அதை நம்பி நிறுவனங்கள் அங்கே வருவதற்கும் மிஷன்தான் அடிப்படை.

இவை கூடுதல் பலன்கள். சபைக்கு முக்கியம் வேறு. உழைத்த இடத்தின் மேல் மனிதனுக்குப் பற்று வரும். எவ்வளவு விலை கொடுத்தானோ அவ்வளவு பற்று. வாழ்வின் மிக முக்கியமான இரண்டு வருடத்தை, குடும்பத்தின் சேமிப்பை, காதலை, கல்லூரியை ஒத்திவைத்துக் கொடுத்தவன் அதை வீண் என்று சொல்வது எளிதல்ல. திரும்பி வந்ததும் கல்யாணம், குழந்தை, சபையில் பொறுப்பு, பிறகு தன் பிள்ளைக்கு உண்டியல். ஜப்பானில் ஒருவர்கூடச் சேரவில்லை என்றாலும் சபைக்கு ஒருவர் உறுதியாகிவிட்டார். இதை யாரோ உட்கார்ந்து தந்திரமாகத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே போகும் பிள்ளைகளும் அனுப்பும் பெற்றோரும் முழு மனதோடு நம்பித்தான் செய்கிறார்கள், அந்த ஆங்கில வகுப்புத் தாத்தாவின் சாவுக்கு யூட்டாவில் உட்கார்ந்து அழுகிறவர்கள் பொய்யாக அழவில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு இவ்வளவு வலுவாக இருப்பதே அதில் நிற்க முடியாதவர்களைக் கடுமையாக அடிக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், உடல்நலக் குறைவு, அல்லது நம்பிக்கை போய்விட்டது என்று நேர்மையாகச் சொன்னது, இப்படிப் பல காரணங்களால் நாலு மாதத்திலோ பத்து மாதத்திலோ திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் பதாகையோடு வரவேற்பு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் நுழையும்போது எல்லோரும் அன்பாகத்தான் விசாரிப்பார்கள், ஆனால் "திரும்பிப் போகிறாயா?" என்ற கேள்வி அதில் இருக்கும். மொழி புரியாமல், தூக்கம் கெட்டு, ஜோடியோடு ஒத்துப்போகாமல், வாரம் தோறும் பூஜ்யம் எழுதி நொந்த ஒரு பிள்ளையைத் தோற்றவன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை, அவனே சொல்லிக்கொள்கிறான்.

சபை இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இப்போது மிஷன்களில் மனநல ஆலோசனைக்கு வழி இருக்கிறது. வீட்டில் தங்கியபடியே உணவு வங்கியிலோ உள்ளூர்த் தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்யும் சேவை மிஷன் என்ற பாதையும் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போக உடலோ மனமோ இடம் தராதவர்களும், பாதியில் திரும்பியவர்களும் அதில் சேரலாம். காகிதத்தில் இரண்டும் சமம். நடைமுறையில் இன்னும் சமமாகவில்லை, ஏனென்றால் சொந்தக்காரர்கள் கூடி நின்று கைதட்டுவது ஊர்ப் பெயர் வாசிக்கப்படும்போதுதான். விண்ணப்பம் போடும் முன்பே இந்தப் பாதையையும் பிள்ளையிடம் அதே மரியாதையோடு சொல்லும் பெற்றோர்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள், இன்னும் நிறையப் பேர் வேண்டும்.